பீமாரிஸ்தான் முதல் ஏர்வாடி வரை: பராமரிப்பு இல்லங்களின் வரலாறு நமக்குச் சொல்லும் பாடம்



சில மாதங்களுக்கு முன் இஷா தொழுகைக்குப் பின், பள்ளிவாசல் வாசலில் ஒரு தாய் நமக்காகக் காத்திருந்தார். கணவரும் உடன் இருந்தார். அவர்களுடைய மகனுக்கு வயது பத்தொன்பது. ஆட்டிசம் உள்ளவர். "ஹஜ்ரத், நாங்க மவுத்தாயிட்டா இவன யாரு பாப்பா? ஏதாவது நல்ல ஹோம் இருந்தா சொல்லுங்களேன்" என்று அந்தத் தாய் கேட்டார். நம்மிடம் பதில் இல்லை.

பதில் இல்லாதது மட்டும் நம்மை வருத்தவில்லை. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் இதே பிள்ளையை ஓதுவதற்காக நம் மத்ரஸாவுக்கு அழைத்து வந்தார்கள். அவன் ஓரிடத்தில் அமரவில்லை; திடீரென்று சத்தமிட்டான்; காதுகளைப் பொத்திக்கொண்டான். மற்றப் பிள்ளைகளின் ஓதல் கெடும் என்று சொல்லி ஒரே வாரத்தில் திருப்பி அனுப்பினோம். அந்தத் தாய் அதை மறந்திருக்கமாட்டார். ஆயினும் அதைச் சொல்லிக் காட்டவில்லை. நமக்குத்தான் அன்றிரவு உறக்கம் வரவில்லை.

நல்ல இல்லம் என்பது எது? அதை எதைக் கொண்டு அளப்பது? இந்த வினாவோடு நம் முன்னோர்களின் வரலாற்றைப் புரட்டிப் பார்த்தோம். பெருமைப்படத்தக்கவற்றைக் கண்டோம். தலைகுனிய வேண்டியவற்றையும் கண்டோம். இரண்டையும் இங்கே எழுதுகிறோம்.

தெருவில் நின்று கேட்ட நபி

அனஸ் (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஒரு செய்தி ஸஹீஹ் முஸ்லிமில் உள்ளது. அறிவில் சற்றுக் கோளாறு இருந்த ஒரு பெண்மணி, தமக்கு ஒரு தேவை இருப்பதாக நபி (ஸல்) அவர்களிடம் வந்து சொன்னார். பெருமானார் அவரை விரட்டவில்லை, வேறொருவரிடம் அனுப்பிவைக்கவுமில்லை. இன்னாரின் தாயே என்று மரியாதையோடு விளித்து, எந்தத் தெருவில் நின்று பேச விரும்புகிறாரோ அதை அவரே தேர்ந்துகொள்ளலாம் என்றார்கள். அவர் பேசி முடிக்கும் வரை நின்று கேட்டார்கள்.

இதில் மூன்று பாடங்கள் உண்டு. பெயர் சொல்லி மதித்தது ஒன்று. இடத்தைத் தேர்ந்தெடுக்கும் உரிமையை அவருக்கே தந்தது இரண்டு. முடியும் வரை பொறுத்தது மூன்று. இன்றைய பராமரிப்பு இல்லங்களைப் பற்றிய பெரிய பெரிய நூல்களெல்லாம் சொல்ல முயல்வதும் ஏறத்தாழ இவற்றைத்தான்.

கண் பார்வையற்ற அப்துல்லாஹ் இப்னு உம்மி மக்தூம் (ரலி) அவர்களின் பொருட்டு ‘அபஸ’ அத்தியாயம் இறங்கியதை நம் பிள்ளைகள் அனைவரும் அறிவர். அதன் பின்னர் நடந்ததையும் அவர்கள் அறிய வேண்டும். அவர் மதீனாவின் முஅத்தின்களில் ஒருவரானார். பெருமானார் போருக்குச் சென்ற சில வேளைகளில் மதீனாவின் பொறுப்பு அவரிடமே ஒப்படைக்கப்பட்டது. இரக்கத்துக்குரியவராக ஒதுக்கிவைக்கப்படாமல் பொறுப்புக்குரியவராக அவர் ஏற்றுக்கொள்ளப்பட்டார்.

அந்நிஸா அத்தியாயத்தின் ஐந்தாம் வசனம், தம் பொருளைத் தாமே நிர்வகிக்க இயலாத அறிவுக் குறைவுடையோரைப் பற்றிப் பேசுகிறது. அவர்களுக்கு உணவளிக்க வேண்டும், உடையளிக்க வேண்டும், அவர்களோடு நல்ல சொல் பேச வேண்டும் என்று அது கட்டளையிடுகிறது. நல்ல சொல் உணவுக்கும் உடைக்கும் சமமாக அங்கே வைக்கப்பட்டுள்ளது. அந்தப் பொருளிலிருந்தே அவர்களுக்குச் செலவிடுங்கள் என்னாமல் ‘அந்தப் பொருளில்’ செலவிடுங்கள் என்ற பொருள்படும் சொல் ஆளப்பட்டிருப்பதை முஃபஸ்ஸிர்கள் எடுத்துக் காட்டுகிறார்கள். முதல் கரையாதபடி, அதை வளர்த்து வரும் இலாபத்திலிருந்து செலவிட வேண்டும் என்பது அவர்களின் விளக்கம். ஒருவர் வாழ்நாள் முழுவதும் பராமரிக்கப்பட வேண்டும் என்ற முன்யோசனை அந்த ஒரு சொல்லுக்குள் இருக்கிறது.

பீமாரிஸ்தான்கள்

உமைய்யா கலீஃபா வலீத் இப்னு அப்துல் மலிக் ஹிஜ்ரி 88-இல் (கி.பி. 707) நோயாளிகளுக்கான ஓர் இல்லத்தை அமைத்ததாக வரலாற்றாசிரியர் மக்ரீஸீ எழுதுகிறார். நடக்க இயலாத ஒவ்வொருவருக்கும் ஒரு பணியாளரையும், பார்வையற்ற ஒவ்வொருவருக்கும் ஒரு வழிகாட்டியையும் வலீத் நியமித்ததாகத் தபரீ பதிவு செய்துள்ளார். அவர்கள் மக்களிடம் கையேந்தக்கூடாது என்பதற்காகப் பொதுநிதியிலிருந்து அவர்களுக்கு உதவித்தொகையும் வழங்கப்பட்டது.

பின்னர் வந்த நூற்றாண்டுகளில் ‘பீமாரிஸ்தான்’ என்னும் மருத்துவ இல்லங்கள் பெருநகரங்களில் எழுந்தன. இது பாரசீகச் சொல். ‘நோயாளிகளின் இடம்’ என்பது பொருள். டமாஸ்கஸில் நூருத்தீன் ஸங்கீ 1154-இல் ஒன்றைக் கட்டினார். கெய்ரோவில் மம்லூக் சுல்தான் கலாவூன் 1284-இல் ஒன்றைக் கட்டினார். அலெப்போவில் 1354-இல் ஆளுநர் அர்கூன் அல்காமிலீ நிறுவிய இல்லத்தில் மனநோயாளிகளுக்கென முற்றங்களும் நீர்த்தடாகங்களும் அமைந்தன. எதிர்னே நகரில் உதுமானிய சுல்தான் இரண்டாம் பாயஸீத் 1488-இல் அமைத்த இல்லத்தில் நோயாளிகளின் மனம் அமைதியடைய இசையும் பயன்படுத்தப்பட்டது. அந்தக் கட்டடம் இன்று அருங்காட்சியகமாக இருக்கிறது.

கட்டடங்களைக் காட்டிலும் கலாவூனின் வக்ஃப் பத்திரமே நம்மை வியக்கவைக்கிறது. ஆண், பெண், செல்வர், ஏழை, உள்ளூரார், வெளியூரார் என்ற வேறுபாடின்றி எல்லோரையும் ஏற்க வேண்டும் என்று அது விதிக்கிறது. அதற்குப் பிறகு சின்னஞ்சிறு விஷயங்களுக்கு இறங்கி வருகிறது. கோடை வெப்பத்தில் நோயாளிகள் விசிறிக்கொள்ள ஓலை விசிறிகள் வாங்க வேண்டும். உணவைக் கொண்டு செல்லும்போது மூடுவதற்கு ஓலை மூடிகள் வேண்டும். ஒவ்வொருவருக்கும் தனிப் பாத்திரத்தில் உணவு தரவேண்டும். ஒருவருடையதை மற்றவரோடு பகிரவைக்கக் கூடாது. அங்கே இறப்பவரின் கஃபன், அடக்கச் செலவுகளையும் வக்ஃபே ஏற்க வேண்டும். ஒரு சுல்தானின் பத்திரம் விசிறியையும் தட்டுமூடியையும் நினைவில் வைத்திருக்கிறது. பராமரிப்பின் தரம் இத்தகைய இடங்களில்தான் தெரியும் என்பதை அதை எழுதியவர்கள் அறிந்திருந்தார்கள்.

சங்கிலியும் இருந்தது

இத்தோடு நிறுத்திக்கொண்டால் இது வெறும் பெருமைப் பேச்சாகிவிடும். உண்மையை முழுவதும் சொல்வது நம் மீது கடமை.

ஸ்பெயினிலிருந்து வந்த பயணி இப்னு ஜுபைர் 1184-இல் டமாஸ்கஸின் பீமாரிஸ்தானைக் கண்டார். அதன் நாள் செலவு ஏறத்தாழ பதினைந்து தீனார் என்கிறார். நோயாளிகளின் பெயர்களும், அவர்களுக்கான மருந்து, உணவுச் செலவுகளும் குறிப்பேடுகளில் எழுதப்பட்டன. மருத்துவர்கள் நாள்தோறும் அதிகாலையில் வந்து ஒவ்வொருவரையும் பார்த்தார்கள். இதே பயணிதான், அங்கே சித்தம் பேதலித்தோருக்கும் சிகிச்சை உண்டு, ஆனால் அவர்கள் சங்கிலியில் பிணைக்கப்பட்டிருக்கிறார்கள் என்றும் எழுதினார். அந்நிலையிலிருந்து அல்லாஹ்விடம் பாதுகாப்புத் தேடிவிட்டே அவர் மேலே செல்கிறார்.

அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன் பாக்தாதைக் கண்ட யூதப் பயணி துதேலா நகரத்துப் பெஞ்சமினும் இதையே சொல்கிறார். அங்கும் இரும்புச் சங்கிலி உண்டு. ஆனால் அவர் மேலும் இரண்டு செய்திகளைத் தருகிறார். மாதந்தோறும் கலீஃபாவின் அதிகாரிகள் வந்து, யார் யார் தெளிந்திருக்கிறார்கள் என்று விசாரிப்பார்கள். தெளிந்தவர்கள் கையில் பணம் கொடுத்து வீட்டுக்கு அனுப்பப்படுவார்கள்.

ஆக, அக்காலத்து இல்லங்களில் சங்கிலி, குறிப்பேடு, கேள்வி கேட்கும் அதிகாரி, வீடு திரும்பும் வழி ஆகிய நான்கும் சேர்ந்தே இருந்தன. வெறிகொண்டவரை அமைதிப்படுத்த மருந்து அறியாத காலத்தில், உலகின் பிற பகுதிகளிலும் சங்கிலி இருந்தது. அதை நாம் நியாயப்படுத்தவில்லை. மற்ற மூன்றும் உடன் இருந்ததால்தான் அவை சிறைகளாக மாறாமல் ஓரளவுக்கேனும் இல்லங்களாக நின்றன என்பதையே சொல்கிறோம்.

அந்த மூன்றும் எப்படிப் போயின? மொராக்கோவின் ஃபெஸ் நகரத்து மாரிஸ்தான் இதற்குச் சாட்சி. மேற்குலகில் லியோ ஆஃப்ரிகானஸ் என்று அறியப்படும் ஹஸன் அல்வஸ்ஸான், இளமையில் இரண்டாண்டுகள் அங்கே எழுத்தராகப் பணிபுரிந்தவர். அந்த இல்லத்துக்கு ஏராளமான வக்ஃப் சொத்து இருந்தது. போர்க்காலத்தில் பணமுடையுற்ற அரசர் அதில் கைவைத்தார். அதன் பின் இல்லம் நலிந்தது என்று அவர் எழுதுகிறார். பணியாட்கள் சித்தம் கலங்கியோரைத் தடியால் அடித்ததையும் பதிவு செய்கிறார். கெய்ரோவில் கலாவூனின் இல்லமும் 1830-களில் ஆங்கிலேயர் எட்வர்ட் லேன் கண்டபோது, கழுத்தில் சங்கிலி பூட்டப்பட்ட மனிதர்களைச் சிறு அறைகளில் அடைத்துவைத்திருக்கும் இடமாகச் சுருங்கியிருந்தது. பார்க்க வருவோர் ரொட்டித் துண்டுகளைக் கொடுத்துச் சென்றனர். விசிறியும் தட்டுமூடியும் எழுதிவைத்த பத்திரம் எங்கே, இந்த நிலை எங்கே!

வக்ஃப் வருமானம் போயிற்று, கேட்பாரும் போயினர், சங்கிலி மட்டும் மிஞ்சியது.

ஏர்வாடி, 2001

இப்போது நம் சொந்த மண்ணுக்கு வருவோம். இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடி தர்காவுக்கு, மனநலம் குன்றியோரை எல்லாச் சமயத்தாரும் அழைத்து வருவது நெடுங்கால வழக்கம். குடும்பத்தார் உடனிருந்து கவனித்த காலம் மாறி, அங்கேயே விட்டுச் செல்லும் பழக்கம் பெருகியபோது, தர்காவைச் சுற்றித் தனியார் காப்பகங்கள் முளைத்தன. மாதப் பணம் வாங்கிக்கொண்டு, ஓலைக் கொட்டகைகளில் மனிதர்களைச் சங்கிலியிட்டு வைத்தார்கள்.

2001 ஆகஸ்ட் 6 அதிகாலையில் அத்தகைய ஒரு காப்பகத்தில் தீப்பிடித்தது. சங்கிலியில் பிணைக்கப்பட்டிருந்தவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் மாண்டனர். ஒரு வாரத்துக்குள், ஆகஸ்ட் 13 அன்று, ஏர்வாடியின் அத்தகைய காப்பகங்கள் மூடப்பட்டன. ஐந்நூறுக்கும் மேற்பட்டோர் அரசின் பொறுப்பில் எடுத்துக்கொள்ளப்பட்டனர். உச்ச நீதிமன்றம் தானாகவே முன்வந்து வழக்கை எடுத்தது. மனநோயாளிகளைச் சங்கிலியிடுவது சட்டவிரோதம், அவர்களை மருத்துவரிடம் அழைத்துச் செல்ல வேண்டும் என்று மக்களுக்கு அறிவுறுத்துமாறு 2002-இல் அரசுகளுக்கு உத்தரவிட்டது. காப்பகத்தை நடத்தியவர்களுக்கு 2007-இல் சிறைத் தண்டனை கிடைத்தது.

நாம் அப்போது மத்ரஸாவில் ஓதிக்கொண்டிருந்த மாணவர்கள். அந்தச் செய்தியைக் கேட்டு ‘இன்னா லில்லாஹி’ சொன்னோம். தர்காவுக்குப் போவது கூடுமா கூடாதா என்ற விவாதம் சூடாக நடந்தது. மாண்ட 28 பேரும் யார், அவர்களை விட்டுச் சென்ற குடும்பங்கள் என்ன நெருக்கடியில் அப்படிச் செய்தன, வேறு எந்தக் கதவை அவர்கள் தட்டியிருக்க முடியும் என்று நம்மில் எவரும் கேட்டதாக நினைவில்லை. இன்று நினைக்கும்போது வெட்கமாக இருக்கிறது. அந்தக் குடும்பங்களில் பெரும்பாலானவை கல்நெஞ்சம் படைத்தவை அல்ல, களைத்துப்போனவை.

அந்தத் துயரத்துக்குப் பின் நல்லதும் நடந்தது. குஜராத்தின் மீரா தாத்தார் தர்காவில் ‘மருந்தும் துஆவும்’ என்ற பெயரில் மனநல மருத்துவர்களும் தர்காவின் பொறுப்பாளர்களும் சேர்ந்து பணியாற்றத் தொடங்கினர். அதே முறை பின்னர் ஏர்வாடிக்கும் வந்தது. துஆ செய்வோர் துஆ செய்கிறார்கள். மருந்தும் அருகிலேயே கிடைக்கிறது.

கட்டடம் அழகாக இருந்தாலும்

ஏழ்மையும் அறியாமையுமே இதற்குக் காரணம் என்று எண்ணிவிட வேண்டாம். பிரிட்டனில் பிரிஸ்டல் நகருக்கு அருகே வின்டர்போர்ன் வியூ என்ற தனியார் மருத்துவமனை இருந்தது. அறிவுத்திறன் குறைபாடும் ஆட்டிசமும் உள்ளோருக்கானது. ஒருவருக்கு வாரத்துக்குச் சராசரியாக 3,500 பவுண்டு அரசுப் பணம் செலவாயிற்று. 2011-இல் பிபிசி தொலைக்காட்சி மறைவாகப் படம்பிடித்துக் காட்டியபோதுதான், அங்கிருந்தோரைப் பணியாளர்கள் அடித்ததும் இழுத்ததும் ஏளனம் செய்ததும் உலகுக்குத் தெரிந்தது. பதினொருவர் தண்டனை பெற்றனர். அங்கே பணிபுரிந்த ஒரு செவிலியர் முன்னரே எச்சரித்திருந்தார். கண்காணிப்பு அமைப்பு அதன் மீது நடவடிக்கை எடுக்கவில்லை.

பணம் இருந்தது, உரிமம் இருந்தது, குறிப்பேடும் இருந்தது. கேட்க வேண்டியவர் கேட்கவில்லை. ஓலைக் கொட்டகையும் அழகிய கட்டடமும் அந்த ஓர் இடத்தில் ஒன்றாகிவிட்டன.

எதைக் கொண்டு அளப்பது?

அந்தத் தாய் கேட்ட கேள்விக்கு இப்போது ஓரளவு பதில் சொல்ல முடியும்.

முன்னதாக ஒன்றைத் தெளிவுபடுத்த வேண்டும். ஆட்டிசம் என்பது பைத்தியம் அன்று. ஜின் தீண்டலும் அன்று. 1943-இல் லியோ கன்னர் என்ற மருத்துவர் அதைத் தனியாக இனங்கண்டு விவரிக்கும் வரை, அத்தகையோரை உலகம் எந்தெந்தப் பெயரிலோ அழைத்து வந்தது. மூளையின் வளர்ச்சியிலேயே அமைந்த வேறுபாடு அது. தெளிவித்து அனுப்பிவிட வேண்டிய நோயாக அதைப் பார்க்கலாகாது. சத்தமும் வெளிச்சமும் கூட்டமும் அவர்களில் பலரை வருத்தும். ஆகவே அவர்களுக்கான இல்லம் மருத்துவமனையைப் போன்றன்றி வீட்டைப் போன்று இருக்க வேண்டும்.

முதலாவதாக, கதவைப் பாருங்கள். சொல்லாமல் போனாலும் உள்ளே விடுகிறார்களா? ‘ஞாயிறு மட்டும், வரவேற்பறையில் மட்டும்’ என்றால் ஐயம் கொள்ளுங்கள். இரண்டாவதாக, குறிப்பேட்டைக் கேளுங்கள். என்ன உணவு, என்ன மருந்து, எப்போது காயம், ஏன் என்று எழுதப்பட்டிருக்க வேண்டும். மூன்றாவதாக, இரவில் எத்தனை பேர் விழித்திருக்கிறார்கள், தீப்பிடித்தால் கதவை யார் திறப்பார்கள் என்று கேளுங்கள். நான்காவதாக, விசிறியையும் தட்டையும் பாருங்கள். அவருக்கென்று படுக்கை, உடை, தட்டு இருக்கின்றனவா? அவரைப் பெயர் சொல்லி அழைக்கிறார்களா? ஐந்தாவதாக, வீட்டுக்கு வரும் வழி திறந்திருக்க வேண்டும். பெருநாளுக்கேனும் அவர் வீட்டில் இருக்க வேண்டும். ஆண்டுக்கணக்கில் எவரும் வந்து பார்க்காதவருக்கு எந்த இல்லத்திலும் பாதுகாப்புக் குறைவு.

சட்டத்தையும் அறிந்துகொள்வோம். 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், எவ்வடிவிலும் சங்கிலியிடுவதைத் தடைசெய்கிறது. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்கிறது; ஆட்டிசமும் அதில் உண்டு. 1999-ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி, ஆட்டிசம் உள்ள பிள்ளை பதினெட்டு வயதைக் கடந்த பின்னும் அவருக்குச் சட்டப் பாதுகாவலரை நியமிக்கலாம். அதற்கான குழு மாவட்ட ஆட்சியரின் தலைமையில் இயங்குகிறது. நம் ஃபிக்ஹில் ‘வலீ’ என்று நாம் ஓதுவதன் இன்றைய அலுவல் வடிவம் இது. பெற்றோர் உயிரோடு இருக்கும்போதே இதைச் செய்துவிட வேண்டும்.

வாரிசுரிமை பற்றியும் ஒரு சொல். ‘அவனுக்கு எதற்குப் பங்கு, அவனால் என்ன செய்ய முடியும்’ என்று சொல்லிச் சில வீடுகளில் இத்தகைய பிள்ளையின் பங்கை மற்றவர்கள் பிரித்துக்கொள்கிறார்கள். அல்லாஹ் விதித்த பங்கை அறிவுக் குறைபாடு நீக்காது. அந்தப் பங்கை வளர்த்து, அதிலிருந்தே அவரைப் பராமரிக்க வேண்டும் என்பதே மேலே கண்ட வசனத்தின் கட்டளை. ஃபெஸ் நகர அரசர் செய்ததைத்தான் இவர்களும் தம் வீட்டுக்குள் செய்கிறார்கள்.

இறுதியாக, மஹல்லா ஜமாஅத்துகளுக்கு ஒரு வேண்டுகோள். இல்லம் கட்டுவது பெரிய காரியம். எல்லா ஊராலும் இயலாது. ஆனால் அந்தப் பாக்தாத் அதிகாரிகளின் வேலையை எந்த ஜமாஅத்தும் செய்யலாம். நம் மஹல்லாவிலிருந்து எந்தெந்த இல்லத்தில் யார் இருக்கிறார்கள் என்று ஒரு பட்டியல் எழுதுவோம். மாதம் ஒரு முறை இருவர் சென்று பார்த்து வருவோம். வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளும் தாய்மார்களுக்கு வாரத்தில் சில மணி நேரமாவது ஓய்வு கிடைக்க வழி செய்வோம்.

அந்தப் பத்தொன்பது வயதுப் பிள்ளை இப்போது சனிக்கிழமைகளில் அஸருக்குப் பின் நம் மத்ரஸாவுக்கு வருகிறார். பிள்ளைகள் போன பிறகு, அமைதியான நேரத்தில். சில நாள் அல்ஹம்து சூராவைக் கேட்டுக்கொண்டு அமர்ந்திருப்பார். சில நாள் சுற்றி நடப்பார். எதிர்காலத்தில் அவரை யார் பார்த்துக்கொள்வார் என்ற கேள்விக்கு இது முழு விடையாகாது. நாம் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் மூடிய ஒரு கதவைத் திறந்திருக்கிறோம், அவ்வளவுதான்.

யா அல்லாஹ்! எங்கள் பராமரிப்பில் நீ ஒப்படைத்தவர்களைப் பற்றி நீ விசாரிக்கும் நாளில் எங்களை வெட்கப்படச் செய்துவிடாதே. களைத்துப்போன பெற்றோர்களுக்கு வலிமையைத் தருவாயாக. சங்கிலியில் மாண்டவர்கள் மீது உன் ரஹ்மத்தைப் பொழிவாயாக. ஆமீன்.